டிக்கி ஓரக் குழியில் ஒரு ஃபைபர் கிளாஸ் சப்ஊஃபர் பெட்டி

காரில் ஆழமான பாஸ் ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான பத்து இன்ச் சப்ஊஃபர் ஒன்றை நான்கு வருடங்களாகச் சதுரமான பலகைப் பெட்டியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் டிக்கியில் பாதியை அதுவே எடுத்துக்கொண்டது. ஸ்டெப்னியை வெளியே எடுக்க முதலில் பெட்டியை இறக்க வேண்டும். பெரிய சூட்கேஸ் வைக்க வேண்டுமென்றால் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒருநாள் பின்விளக்கு பல்பு மாற்றுவதற்காக இடது பக்க டிரிம்மைக் கழற்றினேன். சக்கர வளைவுக்குப் பின்னால், வெளித் தகட்டுக்கும் டிரிம்முக்கும் நடுவே ஒரு பெரிய குழி சும்மா கிடந்தது. பல்பை மறந்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எப்படியெல்லாம் வளைகிறதோ அப்படியே வளைகிற பெட்டி வேண்டும் என்றால், வீட்டில் இருந்தபடி செய்ய ஃபைபர் கிளாஸ்தான் வழி.

மூன்று வார இறுதிகள் போதும் என்று நினைத்தேன். ஏழு ஆனது. வேலை நடக்க நடக்க நோட்டில் குறித்து வைத்ததிலிருந்து இதை எழுதுகிறேன்.

குழி உண்மையிலேயே காலிதானா என்று பார்ப்பதற்கே ஒரு மாலை முழுக்கப் போனது. என் காரில் பெட்ரோல் ஊற்றும் குழாய் வலது பக்கத் தகட்டுக்கு உள்ளே இறங்குகிறது. அந்தப் பக்கத்தை நான் தொடவே இல்லை. இடது பக்கத்தில் பின்விளக்குக்குப் போகும் வயர் கட்டு, ஜாக்கியை மாட்டி வைக்கும் கொக்கி, பம்பருக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் இதழ்கள் வைத்த ஒரு சின்ன ஜன்னல். இந்த ஜன்னல் முக்கியம். கதவை வேகமாகச் சாத்தும்போது உள்ளே அமுங்கும் காற்றும், ஏசி உள்ளே இழுத்துவிடும் வெளிக்காற்றும் இதன் வழியாகத்தான் வெளியேறுகின்றன. பெட்டி இதை அடைத்தால் கதவு சாத்துவதே கனமாகிவிடும், கண்ணாடியில் ஆவி படிவதும் கூடும். அதனால் ஜன்னலுக்கு முன்னால் நான்கு விரல் இடைவெளியும், பல்பு மாற்ற ஒரு கை நுழையும் சந்தும் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அந்த இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று லிட்டரைத் தின்றுவிட்டன. வருத்தம்தான், ஆனால் வேறு வழியில்லை.

அடுத்தது கொள்ளளவு. அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில் மாதிரி. ஊஃபரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பான கோன் உள்ளே வந்தால் எதிர்த்துத் தள்ளும், வெளியே போனால் பின்னால் இழுக்கும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்கர் வில்சர் 1954இல் ஏஆர்-1 ஸ்பீக்கரில் செய்தது இதுதான்: கோனைத் தாங்கும் விளிம்பை நன்றாகத் தளரவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் காற்றையே முக்கியமான வில்லாக மாற்றினார். அலமாரி அளவுப் பெட்டி இல்லாமலே ஆழமான பாஸ் கிடைத்தது அப்படித்தான். பிறகு ஒலிப் பொறியாளர்கள் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும் 1960களிலும் 70களிலும் எழுதிய ஆய்வுகளால், இன்று பேனாவும் தாளும் இருந்தால் பெட்டியின் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம்.

என் ஊஃபரின் தாளில் மூன்று எண்கள் இருந்தன. ஊஃபர் தனியாக இயல்பாக அதிரும் அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ்; அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்பாடாக அடங்கும் என்பதைக் காட்டும் க்யூடிஎஸ் 0.45; ஊஃபரின் விளிம்பு அளவுக்கே வில்லாகச் செயல்படும் காற்றின் அளவான விஏஎஸ் 40 லிட்டர். பெட்டியோடு சேர்ந்த மொத்த க்யூ 0.707ஆக இருந்தால் பாஸ் எங்கும் புடைக்காமல் சமமாக இறங்கும் என்பதால் அதைத்தான் குறியாக வைத்தேன். 0.707ஐ 0.45ஆல் வகுத்தால் 1.57. அதன் வர்க்கம் 2.47. அதில் ஒன்றைக் கழித்தால் 1.47. நாற்பது லிட்டரை அதால் வகுத்தால் 27 லிட்டர். பெட்டியில் ஊஃபரின் அதிர்வெண் 30இலிருந்து 47 ஹெர்ட்ஸுக்கு ஏறும். இந்த 27 என்பது நிகரக் காற்று. ஊஃபரின் காந்தமும் சட்டமும் அடைக்கும் ஒன்றரை லிட்டரை இதன் மேல் கூட்டிக்கொள்ள வேண்டும்.

போர்ட், அதாவது காற்று போய்வரும் குழாய், வைத்த பெட்டி இன்னும் அதிகச் சத்தம் தரும் என்று நண்பர்கள் சொன்னார்கள். தரும். ஆனால் போர்ட்டின் நீளமும் பெட்டியின் கொள்ளளவும் ஒன்றோடொன்று பொருந்தியே ஆக வேண்டும். கோணல்மாணலான ஃபைபர் பெட்டியில் இறுதிக் கொள்ளளவு எவ்வளவு என்று முடித்த பிறகுதான் நிச்சயமாகத் தெரியும். அடைத்த பெட்டி ஒன்றிரண்டு லிட்டர் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். கையால் செய்யும் முதல் ஃபைபர் பெட்டிக்கு அதுவே சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

பொருட்களில் முக்கியமானவை இரண்டு: பாலியஸ்டர் ரெசின், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் (வெட்டிய கண்ணாடி இழைகளைப் பாய் போலச் சேர்த்தது). மேட்டில் கண்ணாடி இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரின் என்ற திரவத்தில் கரையும். அதனால்தான் ரெசின் பட்ட சில நிமிடங்களில் மேட் இளகி எந்த வளைவிலும் படிகிறது. எபாக்ஸி வாங்கியிருந்தால் இதே மேட் விறைப்பாகவே நின்றிருக்கும். ரெசினில் மெழுகு கலக்காத வகையாகக் கேட்டு வாங்கினேன். அது காற்றுப்படும் மேல்பரப்பில் பிசுபிசுப்பாகவே இருக்கும்; அதுவே அடுத்த அடுக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். சில இடங்களில் ரெசின், இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர், ஹார்ட்னர் என மூன்றும் தனித்தனிக் குப்பிகளில் வரும். ஊதா நிறத்தில் இருக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும் அளவுக்கு வினை நடக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுவதும் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னர். இரண்டுக்கும் ஒரே குச்சி, ஒரே கிண்ணம் என்றுகூட இருக்கக் கூடாது. ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். எனவே அளந்து ஊற்றும் அந்த அரை நிமிடத்துக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டேன். மூக்குக்கு ரெசின் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடி. தூசி முகமூடி ஸ்டைரின் வாடையைத் தடுக்காது. அது தேய்க்கும்போது மட்டும்தான் உதவும்.

டிக்கியைத் தயார் செய்ய ஒரு முழு நாள். கார்பெட்டில் ரெசின் விழுந்தால் பிறகு அது வராது. சீட்டிலிருந்து பம்பர் வரை பிளாஸ்டிக் விரித்து ஒட்டினேன். குழிக்குள் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு, ஒவ்வொரு பட்டையும் அடுத்ததன் மேல் பாதி ஏறும்படி. அதன் மேல் அலுமினிய ஃபாயில், ஃபாயில் மேல் மெழுகு. எங்கெல்லாம் பெட்டி தகட்டைத் தொடக்கூடும் என்று தோன்றியதோ அங்கே ஃபாயிலுக்கு அடியில் அரை சென்டிமீட்டர் ஃபோம் வைத்தேன். வார்ப்பை எடுத்த பிறகு அந்த ஃபோம் அளவு இடைவெளி தானாகக் கிடைத்துவிடும், தகட்டோடு உரசிக் கடகடவென்று அடிக்காது.

முதல் அடுக்கில் ஒரு பெரிய தவறு செய்தேன். வெயில் நேரம். ஒரு கிலோ ரெசினை ஒரே வாளியில் ஊற்றி, 2 சதவீதம் ஹார்ட்னர் விட்டுக் கலக்கிவிட்டேன். இரண்டாவது மேட் துண்டை நனைக்கும்போதே வாளியில் இருந்தது தயிர் போலக் கட்டியாகத் தொடங்கியது. அடுத்த சில நிமிடங்களில் வாளியைத் தொட முடியாத சூடு, அப்புறம் வெள்ளைப் புகை. ரெசின் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். ஆழமான பாத்திரத்தில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் வினையை இன்னும் வேகப்படுத்தும். வாளியை வெறும் தரையில், எதுவும் பற்றிக்கொள்ளாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகி நின்றேன். முக்கால் கிலோ வீண்.

அன்றைக்குப் பிறகு மாலை நேரம் மட்டும்தான் வேலை. ஒரு கலவை 300 கிராமுக்கு மேல் இல்லை. அதற்கு ஊசியில்லாத சிரிஞ்சில் 4 மில்லி ஹார்ட்னர். கலக்கியவுடன் அகலமான தட்டத்தில் ஊற்றிவிடுவேன், பரந்து கிடந்தால் சூடு சேராது. ஒழுங்காக வேலை செய்ய இருபது நிமிடம் போலக் கிடைத்தது. மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கையால் கிழித்துக்கொண்டேன். கிழித்த ஓரத்தில் இழைகள் பிரிந்து நிற்பதால் ஒரு துண்டு இன்னொன்றின் மேல் மேடு தெரியாமல் படியும். தூரிகையால் இழுத்துத் தேய்த்தால் இழைகள் சுருண்டு வந்துவிடும். குத்திக் குத்தித்தான் நனைக்க வேண்டும். வெள்ளையாக இருக்கும் மேட் ரெசின் இறங்க இறங்கக் கண்ணாடி மாதிரித் தெளியும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது என்று பொருள். வரிவரியாகப் பள்ளம் உள்ள இரும்பு ரோலரை அதன் மேல் உருட்டி ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றினேன். இந்த ரோலர் இல்லாமல் தொடங்கியிருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

இரண்டு அடுக்கு போட்டு ஒரு நாள் விட்டேன். மறுநாள் எடுக்கப் பார்த்தால் இறுகிய ஃபைபர் ஓடு அசையவே இல்லை. டேப்பும் மெழுகும் சரியாகத்தான் வேலை செய்திருந்தன, ஆனால் சக்கர வளைவின் மேல் விளிம்பு உட்பக்கமாக மடிந்திருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஓடு அந்த மடிப்புக்கு அடியில் நுழைந்து பூட்டிக்கொண்டது. ரெசின் ஊற்றுவதற்கு முன்பே அட்டையோ ஃபோமோ வைத்து அந்த மடிப்பை நிரப்பி, மேலே டேப் ஒட்டியிருக்க வேண்டும். அதில் தெர்மாகோலை மட்டும் டேப் இல்லாமல் வைக்கக் கூடாது, பாலியஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும். கடைசியில் ஹேக்சா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, தகட்டில் கீறல் விழாமல் ஃபைபர் ஓட்டை இரண்டாக அறுத்து எடுத்தேன். வெளியே வைத்து இரண்டு துண்டையும் சேர்த்துப் பின்பக்கம் டேப் ஒட்டி, அறுத்த கோட்டின் மேல் நான்கு விரல் அகல மேட் பட்டைகளாக மூன்று அடுக்கு போட்டேன். இன்று அந்த இணைப்பு எங்கே என்று தேடினால்தான் தெரியும்.

ஓடு வெளியே வந்த பிறகு மீதி அடுக்குகளை டிக்கிக்கு வெளியே, காற்றோட்டமாகப் போட்டுக்கொள்ளலாம். இதுதான் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. டிக்கி வடிவத்தை மட்டும் கொடுக்கிறது, கனத்தை வெளியில் சேர்த்துக்கொள்ளலாம். இறுகி நாளாகிவிட்ட பரப்பின் மேல் போடும்போது மட்டும் 80 எண் உப்புத்தாளால் நன்றாகக் கீறிவிட்டு, தூசியைத் துடைத்து, பிறகு போட்டேன். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். உள்பக்கம் இன்னும் இரண்டு போட்டு நான்கு மில்லிமீட்டரில் நிறுத்தினேன். கையால் அழுத்தினால் அசையவில்லை. போதும் என்று முடிவு செய்தேன். அது போதவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஓட்டின் வாயைச் சமமாக வெட்டி, மல்லாக்க வைத்து, லிட்டர் பாட்டிலால் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றினேன். விளிம்பு வரை 21 லிட்டர். வெளிப்பக்கம் மூன்று இடங்களில் ஈரம் கசிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் அவை, கரியால் வட்டமிட்டு, காய்ந்த பிறகு அடைத்தேன். தண்ணீரால் அளந்ததில் கிடைத்த இரண்டாவது பயன் இது. இருபத்தெட்டரை லிட்டர் வேண்டும் என்றால் முகப்பு இன்னும் ஏழரை லிட்டர் தர வேண்டும் என்று இப்போது தெரிந்தது.

முகப்புக்கு 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் இரண்டு வளையங்கள் வெட்டி ஒன்றன் மேல் ஒன்று ஒட்டினேன். உள்வளையத்தில் ஊஃபர் திருகப்படும். வெளிவளையம் சற்றுப் பெரிய துளையோடு இருப்பதால் ஊஃபரின் விளிம்பு அதற்குள் பதிந்து உட்காரும். இந்த வளையத்தை ஓட்டின் வாய்க்கு முன்னால் நான்கு மரக்குச்சிகளில் நிறுத்தி, சூடுபசையால் தற்காலிகமாக ஒட்டினேன். எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்று டிக்கியில் வைத்தும் எடுத்தும் ஒரு மாலை போனது. காந்தத்தின் பின்பக்கத்துக்கும் ஓட்டின் பின்சுவருக்கும் இடையே குறைந்தது மூன்று விரல் இருக்க வேண்டும். கோனை அசைக்கும் கம்பிச் சுருள் காந்தத்தின் நடுத்துளை வழியாகச் சூட்டை வெளியே தள்ளும். அந்த இடம் அடைபட்டால் சூடும் தங்கும், உஸ்ஸென்ற சத்தமும் வரும்.

அப்புறம் துணி. இழுவை உள்ள ஃப்ளீஸ் துணியை வளையத்தின் மேலிருந்து ஓட்டின் விளிம்பு வரை இழுத்துப் பிடித்து ஸ்டேப்பிள் அடித்தேன். வட்டமான வளையமும் கோணலான விளிம்பும் இரண்டு முனைகள். அவற்றுக்கு நடுவில் எந்த வழியில் போக வேண்டும் என்பதைத் துணியே தேர்ந்துகொள்கிறது. குதிரைச் சேணம் போல ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்த வளைவு வரும். பார்க்க அழகு என்பதோடு அந்த இரட்டை வளைவு மிக விறைப்பானதும்கூட. ஒரே ஒரு இடத்தில் சுருக்கம் விழுந்தது, அங்கே துணியைக் கழற்றி மறுபடி இழுத்தேன். துணியில் இருக்கும் சுருக்கம் ரெசினிலும் அப்படியே இருக்கும் என்பதால் இங்கே அவசரப்படவில்லை.

ஃப்ளீஸ் நிறையக் குடிக்கும். சொட்டச் சொட்ட நனைத்தால் கனத்தில் தொய்ந்துவிடும், குறைவாக நனைத்தால் உள்பக்கம் காய்ந்த துணியாகவே நிற்கும். மெல்லிய கையாகத் தடவி, ஊறவிட்டு, மறுபடி தடவி மூன்று தடவையில் முடித்தேன். இறுகிய பிறகு ஊஃபர் துளையை மூடியிருந்த துணியை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக உள்ளே ரெசினில் குழைத்த இழைத்துண்டுகளை ஊற்றி, பெட்டியைச் சுழற்றிச் சுழற்றி முகப்பும் ஓடும் சேரும் மூலை முழுக்க ஓடவிட்டேன். காற்றுக் கசிவு வரும் இடம் பெரும்பாலும் அந்த மூலைதான். வெளியே இருந்து எவ்வளவு பட்டி பார்த்தாலும் அதை அடைக்க முடியாது. பிறகு முகப்பின் உள்பக்கம் இரண்டு அடுக்கு மேட்.

பெட்டி முழுமையான அந்த இரவே ஊஃபரை மாட்டி, ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) 20இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் தொனியைக் கொடுத்துப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டும்போது கம்மிய குரலில் ஒரு முனகல் சேர்ந்துகொண்டது. இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தேன், நுரை எழவில்லை. கோனைக் கையால் மெல்ல அழுத்திவிட்டால் நிதானமாகத் திரும்பி வந்தது. கசிவு இல்லை என்று அதிலும் தெரிந்தது. பின்சுவரில் கை வைத்தபோது விஷயம் புரிந்தது. வெளித் தகட்டை ஒட்டிப் போகும் அந்த முழ நீளப் பகுதி மட்டும் கிட்டத்தட்ட தட்டையானது. உள்ளங்கையில் அடித்தது போல அதிர்ந்துகொண்டிருந்தது.

ஃபைபர் கிளாஸ் என்றாலே பலம் என்று ஒரு நினைப்பு உண்டு. 1953இல் வந்த கொர்வெட் காரின் உடலே கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும்தானே என்று நானும் நினைத்தேன். உடையாமல் இருப்பது வேறு, வளையாமல் இருப்பது வேறு. அதே நான்கு மில்லிமீட்டர் வளைந்த இடத்தில் கல்லாக நிற்கிறது, தட்டையான இடத்தில் பறைத்தோல் போல அடிக்கிறது. விறைப்பு கனத்தின் கனமடியாக ஏறும் என்பதால் நான்கை ஆறாக்கினால் மூன்று மடங்குக்கு மேல் கூடும். விலா எலும்பு வைத்தால் அதைவிட அதிகம்.

பெட்டியோ மூடியாகிவிட்டது. 23 சென்டிமீட்டர் ஊஃபர் துளை ஒன்றுதான் வழி. அட்டைக் குழாயை நெடுக்காகப் பாதியாக வெட்டி மூன்று துண்டுகள் எடுத்து, தட்டைச் சுவரில் குறுக்கே ஒட்டி, அவற்றின் மேல் மேட் போர்த்தினேன். உள்ளே இருக்கும் அட்டைக்குப் பலம் தேவையில்லை, மேலே இறுகும் வளைந்த கண்ணாடிதான் எலும்பு. அதன்பின் ஓடு முழுக்க இன்னும் இரண்டு அடுக்கு. தோள் வரை கையை விட்டு, தடவிப் பார்த்தே காற்றுக் குமிழ்களைத் தேடி நீக்கிய அந்த இரண்டு மாலைகள்தான் மொத்த வேலையிலும் கடினமானவை. உள்ளே வாயு தேங்குவதால் ஒரு சின்ன மின்விசிறியால் காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருந்தேன். ஓடு திறந்திருந்தபோதே இதைச் செய்திருந்தால் ஒரு மணி நேர வேலை. விரல் கணுவால் தட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: வளைந்த இடம் டக்கென்று வறண்ட ஒலி தரும், தட்டை இடம் டும்மென்று நீளும். இனி எந்தப் பெட்டி செய்தாலும் மூடுவதற்கு முன் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பேன்.

மறுபடி அதே தொனியை ஓட்டினேன். முனகல் இல்லை. பின்சுவரில் கை வைத்தால் லேசான துடிப்பு மட்டும்.

வெளிப்பூச்சில் நான் அதிக நேரம் போடவில்லை. பட்டி ஒரு கை, 80, 120 உப்புத்தாள், அதற்கு மேல் டிக்கியின் நிறத்திலேயே இழுவையுள்ள கார்பெட் ஒட்டியாகிவிட்டது. பெயின்ட் அடிப்பதாக இருந்தால் 320 வரை போக வேண்டும், பட்டியும் மூன்று நான்கு தடவை பார்க்க வேண்டும். தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை போட்டும் முன்கையில் அரிப்பு வந்தது. முதலில் குளிர்ந்த நீரில் தேய்க்காமல் கழுவினால் இழைகள் போய்விடும்.

ரெசின் வாடை இரண்டு வாரம் போகவே இல்லை. வடிகட்டி முகமூடி இல்லாமல் டிக்கியைத் திறக்கவே பிடிக்காத அளவுக்கு இருந்தது. பெட்டியைக் காரிலிருந்து எடுத்து, துளை மேலே பார்க்க நான்கு நாள் வெயிலில் வைத்தேன். சூட்டில் ரெசின் மேலும் இறுகி, மீதி ஸ்டைரினும் வெளியேறியது. அதன்பின் வாடை இல்லை. இதை முதலிலேயே செய்துவிட்டுக் கார்பெட் ஒட்டியிருக்கலாம்.

எல்லாம் முடிந்து, பிளாஸ்டிக் மணிகளைத் துளை வழியாகக் கொட்டி அளந்தேன். 27 லிட்டர். விலா எலும்புகளும் கூடுதல் அடுக்குகளும் ஒன்றரை லிட்டரைச் சாப்பிட்டிருந்தன. ஊஃபரைக் கழித்தால் நிகரம் இருபத்தைந்தரை. கணக்கைத் திருப்பிப் போட்டேன்: க்யூ 0.72, அதிர்வெண் 48 ஹெர்ட்ஸ். குறி வைத்த 0.707க்கும் இதற்கும் காதால் வித்தியாசம் சொல்ல முடியாது. இருந்தாலும் தலையணைப் பஞ்சு மாதிரியான பாலியஸ்டர் பஞ்சு 300 கிராம் பிரித்து உள்ளே வைத்தேன். காற்று அமுங்கும்போது எழும் சூட்டைப் பஞ்சு வாங்கிக்கொள்வதால் ஊஃபருக்குப் பெட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

பெட்டியும் ஊஃபருமாகப் பதினான்கு கிலோ. பிரேக் பிடிக்கும்போது அது நகரவே கூடாது. ஓட்டின் சுவரில் அகல வாஷர்களோடு மூன்று போல்ட்டுகளை உள்ளிருந்து பதித்து, மேலே மேட் போட்டு மூடியிருந்தேன். அவை இரும்புப் பட்டைகள் வழியாகக் காரில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளில் மாட்டின. தகட்டில் புதிதாகத் துளை போடவில்லை. வயர் வேலையில் புதிது ஒன்றும் இல்லை: பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ், எர்த் வயருக்கு பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு, ஸ்பீக்கர் வயருக்கு ஓட்டில் இரண்டு பித்தளை போல்ட், அவற்றைச் சுற்றி ரெசின்.

டிக்கியில் வைத்துக் கேட்ட முதல் மாலையை மறக்க மாட்டேன். காகிதக் கணக்கில் 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும், 12 டெசிபல் இறங்க வேண்டும். ஆனால் காரின் உட்பகுதி மிகச் சின்ன அறை. அரை அலைநீளம் உள்நீளத்தைவிடப் பெரிதாகும் இடத்திலிருந்து கீழே, அலை பரவ இடமில்லாமல் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. என் காரில் உள்நீளம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். ஒலியின் வேகத்தை அதன் இருமடங்கால் வகுத்தால் 69 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கொள்கைப்படி ஆக்டேவுக்கு 12 டெசிபல் ஏற வேண்டும். கதவும் கூரையும் அதிர்வதாலும் ரப்பர் சந்துகளில் கசிவதாலும் அவ்வளவு முழுசாகக் கிடைப்பதில்லை, ஆனாலும் பெட்டி எடுத்துக்கொள்வதில் பெரும் பங்கைக் கார் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஐந்து தந்தி பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 31 ஹெர்ட்ஸ். பழைய சதுரப் பெட்டியில் அந்தச் சுரம் வரும்போது ஒரு பொதுவான அதிர்வுதான் வரும். இப்போது விரல் தந்தியை விடுவதும், சுரம் எழுந்து அடங்குவதும் தனித்தனியாகக் கேட்கிறது. ஆம்ப்பில் 80 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டி, போலாரிட்டியை (ஊஃபரின் பிளஸ், மைனஸ் இணைப்பை) இரண்டு விதமாகவும் மாற்றிப் பார்த்து, ஓட்டுநர் சீட்டில் எது நிறைவாகக் கேட்டதோ அப்படி விட்டேன்.

பெட்டி மாட்டி ஐந்து மாதம் ஆகிறது. ஸ்டெப்னி எதையும் கழற்றாமல் வெளியே வருகிறது, ஜன்னல் இதழ்கள் தடையில்லாமல் அசைகின்றன. முதல் மாத முடிவில் மூன்று போல்ட்டுகளையும் சரிபார்த்தபோது ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது. ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கினேன், அதன்பின் தளரவில்லை. ஊஃபருக்கு முன்னால் கம்பி வலை இன்னும் போடவில்லை. சூட்கேஸின் மூலை கோனில் இடிப்பதற்குள் அடுத்த வார இறுதியில் அதைச் செய்துவிட வேண்டும்.